கட்டாயமில்லாத பரீட்சைகள்

திருப்பதி வட்டாரத்தில் அவனைவிட அதிகப் பரீட்சை எழுதியவர் யாரும் உயிரோடு இல்லை. மருத்துவ மேற்படிப்பு விடுதியில் எனக்கு அடுத்த அறை. நகரி என்ற ஊர்க்காரன், அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். அவனுடைய பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவன் 'சர்டிபிகேட்'.

எம்.டி. படிப்பதற்கே எங்களுக்கு நாக்குத் தள்ளியது. அவனோ சர்க்கரை நோய்க்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று, பாம்புக்கடிக்கு ஒன்று என்று யாரும் கேட்காத சான்றிதழ்களை வாங்கிக் குவித்தான். பெயருக்குப் பின்னால் சேர்ந்த எழுத்துகள் சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் அடங்கவில்லை. இரண்டாவது பட்டை குத்திக்கொண்டான். காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இரண்டையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "சாரு, இதுல எந்த டாக்டர் என்னைப் பார்ப்பாரு?"

"இதெல்லாம் கட்டாயமாடா?" என்றேன் நான்.

"இல்ல. கட்டாயமானத பயந்துக்கினு படிக்கிறேன். இத பிரியமா படிக்கிறேன்."

படிப்பு முடிந்து, ஒரே வேலைக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனோம். அவன் கொண்டுபோன கட்டிலிருந்து எம்.டி. சான்றிதழை மட்டும் உருவிக்கொண்டு, "மீதிக்கெல்லாம் மார்க் இல்லை" என்று தள்ளிவிட்டார்களாம். வேலை எனக்குக் கிடைத்தது. திரும்பி வந்த ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் வரை அவன் சான்றிதழ்களை மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தான்.

மறுவருஷம் எங்கள் ஊரான கங்காதர நெல்லூரில், நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா கணையப் புற்றுநோயில் படுத்தார். நான் மாத்திரையை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், மூன்று முறை ஸ்கேன் எடுத்தேன். வலி மட்டும் மாறவில்லை. மார்பின் என்ற கடும் வலி மருந்தை எழுதப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். வலி தணிக்கும் சிகிச்சைக்கும் அவனிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. அதை வாங்கியபோது, "சாவறவனுக்கு வைத்தியம் பண்ண இன்னாடா படிப்பு?" என்று விடுதியில் சிரித்தவன் நான்தான்.

வந்தவன் ரிப்போர்ட் எதையும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "நைனா, உங்களுக்கு இன்னா வேணும்?" என்றான்.

"கொஞ்சம் ரசஞ்சோறு துன்னணும்ப்பா. துன்னுட்டுத் தூங்கணும்."

மார்பினுக்கு வேண்டிய அனுமதிக் கடிதங்களுக்கு அவனே சித்தூருக்கும் திருப்பதிக்கும் அலைந்தான். எத்தனை மணிக்கு எவ்வளவு என்று அம்மாவுக்குப் புரியும்படி எழுதிச் சுவரில் ஒட்டினான். மூன்றாம் நாள் நைனா ரசஞ்சோறு சாப்பிட்டார். சாப்பிட்டுத் தூங்கினார். பன்னிரண்டு நாள் அப்படித் தூங்கி எழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னையில் அவனுக்கு அடுத்த பரீட்சை இருந்ததாம். வெகுநாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எங்கள் வீட்டில், நைனாவின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான்.