ஒத்திவைக்கப்பட்ட பரிவு

மேற்கு சிட்னியில இருக்கிற அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில, எடை குறைக்கிற ஆபரேஷனுக்குப் பேர் குடுத்தவங்க எல்லாரும் முதல்ல தங்களைத் தாங்களே நேசிச்சாகணும்னு மேலிடம் தீர்மானம் போட்டுச்சு. நல்ல தீர்மானம்தான். தன் உடம்பைத் திட்டிக்கிட்டே இருக்கிறவங்க, வயித்தைச் சுருக்கின பிறகும் நிம்மதியா இருக்கறதில்லன்னு படிச்சவங்க கண்டுபிடிச்சிருந்தாங்க. நேசம் வந்துடுச்சா இல்லையான்னு அளந்து பாக்க ஒரு அலுவலரையும் நியமிச்சாங்க. சுயபரிவு மதிப்பீட்டு அலுவலர், இமோஜென் டிரான்டர். கழுத்துல அடையாள அட்டை, கையில சிவப்புப் பேனா. பரிவு குறையற இடத்துல எல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கறது அவங்க கடமை.

லேசிலிக்கு ரெண்டு காரியம் நல்லா வரும். ஸ்கூல் பஸ் ஓட்டறது, தன்னையே நக்கலடிச்சுக்கறது. அவ பசிபிக் கடல்ல இருக்கிற டோங்கா தீவுக்காரி. அவங்க சர்ச்சுல தன்னைப் பத்தி நாலு வார்த்தை உசத்தியாப் பேசினவ பக்கத்துல அடுத்த ஞாயித்துக்கிழமை யாரும் உக்கார மாட்டாங்க. இப்ப அந்த பஸ்ஸுக்குத்தான் ஆபத்து. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது, பகல்ல கண்ணு சொக்குது, உடம்பு இளைக்கலேன்னா அடுத்த பரிசோதனையில பஸ் லைசென்ஸ் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷன் பண்ணப்போற சர்ஜன் கவாலாஸ் தேதி குடுத்துட்டார். பாக்கி இமோஜென் சம்மதம் மட்டும்தான். லேசிலிக்கு அடுத்து வரிசையில நிக்கிறது அவ நாத்தனார் சேனி.

"கண்ணாடியில உங்களைப் பாக்கறப்ப என்ன சொல்லிப்பீங்க?"னு இமோஜென் கேட்டாங்க.

"ஒண்ணும் சொல்லமாட்டேம்மா. கண்ணாடிக்குள்ள பாதிதான் வரும். மீதியை வெளிய நிறுத்திட்டுப் பேசினா புறம் பேசின மாதிரி ஆயிடும்."

கதவுக்கு வெளிய உக்காந்திருந்த சேனி விழுந்து விழுந்து சிரிச்சா. இமோஜென் சிரிக்கல. சிவப்புப் பேனா ஒரு கோடு போட்டுச்சு.

"உங்களை நீங்களே காயப்படுத்திக்கறீங்க."

"காயமெல்லாம் இல்லம்மா. அவ்வளவு ஆழத்துக்கு எதுவும் போகாது."

இன்னொரு கோடு.

"நல்லாத் தூங்கறீங்களா?"

மூச்சு நின்னுடுமோங்கிற பயத்துல படுக்கறதே இல்ல, நாற்காலியில சாஞ்சுக்கிட்டேதான் விடியற வரைக்கும் கிடக்கறேன்னு லேசிலி சொல்லியிருக்கலாம். ஆனா அதைச் சிரிக்காம சொல்லி அவளுக்குப் பழக்கமில்ல.

"கட்டில்ல படுத்து நாளாச்சு. பாவம், அதுக்கும் ஓய்வு வேணாமா?"

இமோஜென் முகத்துல நிஜமாவே வருத்தம். அந்த வருத்தத்தோடயே பெரிய கோடாப் போட்டாங்க. அப்புறம் பயிற்சி குடுத்தாங்க. "வயித்து மேல கையை வைங்க. அன்புத் தோழியேன்னு கூப்பிட்டுப் பேசுங்க."

"அடுத்த மாசம் வெட்டி எடுக்கப் போற தோழிகிட்ட என்னம்மா பேசறது?"

"மரியாதையா வழியனுப்புங்க."

"போயிட்டு வான்னா வந்துடுமே."

மதிப்பெண் பாதாளத்துக்குப் போயிடுச்சு. ஆனா துறை இரக்கமில்லாத துறை கிடையாது. விட்டதைப் பிடிக்க ஒரு வாய்ப்பு இருந்துச்சு. அதுக்குப் பேர் சுயபரிவு விழா. அதுல நல்லபடியா நடந்துக்கிட்டா போனதெல்லாம் திரும்பக் கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில விழான்னா காலைத் தேநீர், தேநீர்னா கேக். மேசை முழுக்க சாக்லேட்டுல முக்கித் தேங்காய்த்துருவல்ல பொரட்டின லாமிங்டன். சுத்தி உக்காந்திருக்கிறது ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க. கல்லீரல் சுருங்கினாதான் கத்தி வைக்க முடியும்னு அவங்க எல்லாரும் கவாலாஸ் உத்தரவுப்படி சத்துப்பவுடர் கரைச்ச தண்ணியில உயிர் வாழறாங்க. லேசிலி அந்த லாமிங்டனை ஸ்கூல் வாசல்ல லேட்டா வர்ற பிள்ளையைப் பாக்கற மாதிரி பாத்தா.

"எடுத்துக்கோங்க. இன்னைக்கு யாரும் தன்னைத் தண்டிக்கக் கூடாது"ன்னு இமோஜென் தட்டை நீட்டினாங்க.

"ஏம்மா, இதைத் தின்னா ஆபரேஷன் ரத்துன்னு சர்ஜன் சொல்லியிருக்காரே."

"அது அறுவைப் பிரிவோட நிபந்தனை."

"அப்ப வேணாம்மா."

"வேணாம்னு சொல்றது உங்க மேல நீங்க காட்டற கடுமை. அது என் பிரிவு. மதிப்பெண்ல கழிவு வரும்."

"அப்ப தின்னட்டுமா?"

"சாப்பாட்டு விஷயத்துல ஆலோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல."

லேசிலி தட்டைப் பாத்தா, இமோஜெனைப் பாத்தா. "நீ ஏம்மா ஒண்ணும் எடுக்கல?"

இமோஜென் குரலை இறக்கினாங்க. "எனக்கு அடுத்த மாசம் கல்யாணம். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு கவுனுக்குள்ள எப்படிப் போறது? பாக்கவே சகிக்கல." உடனே குரலை ஏத்திக்கிட்டாங்க. "நான் ஊழியர். எனக்கு மதிப்பீடு கிடையாது."

லேசிலி கைப்பையைத் தொறந்து ஃபாயில் பேப்பர் சுருளை எடுத்தா. டோங்காக்காரி எவளும் விருந்துக்கு அது இல்லாம போகமாட்டா. விருந்துன்னா வராதவங்களுக்கும் சேத்துத்தான். கொண்டு போகாம வெறுங்கையோட திரும்பினாதான் அங்க அவமானம். ரெண்டு லாமிங்டனை வச்சு, நாலு பக்கமும் மடிச்சு, மூலையை அமுக்கினா.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. தின்னவும் இல்ல. கொண்டு போறேன்."

இமோஜென் விதிமுறையைப் புரட்டினாங்க. மேலிடத்துக்குப் போன் போட்டாங்க. மேலிடம் அதுக்கு மேல இருக்கிற இடத்தைக் கேட்டுச்சு. தேநீர் ஆறிப் போன பிறகு பதில் வந்துச்சு: இது ஒத்திவைக்கப்பட்ட பரிவு, முழு மதிப்பெண்ணுக்கு உரியது.

எல்லாரும் கேட்டு வாங்கி மடிச்சதுல, விழா முடியறதுக்குள்ள அந்த ஃபாயில் சுருள் காலி.

ஆபரேஷன் நல்லபடியா நடந்துச்சு. கவாலாஸ் சின்னச் சின்னதா துளை போட்டு, வயித்துல பெரும்பகுதியை வெளிய எடுத்துட்டார். கண்ணு முழிச்ச லேசிலியைப் பாத்து நர்ஸ், "எப்படி இருக்கு?"ன்னா.

"எடுத்ததுக்குத் தனிக் கட்டில் குடுத்தீங்களா, இல்ல ஒரே கட்டில்தானா?"

நர்ஸ் சிரிச்சா. அவளுக்குப் பின்னாடி இமோஜென் நின்னுக்கிட்டு இருந்தாங்க. சிகிச்சைக்குப் பிந்தைய மதிப்பீடு அந்த நிமிஷத்துல இருந்துதான் ஆரம்பம்.

மறுநாள் கட்டில் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "நேத்து உங்களையே கேலி பண்ணிக்கிட்டதால உங்க ஆபரேஷன் தகுதி ரத்தாயிடுச்சு. முன்தேதியில இருந்து அமல்."

"ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சேம்மா."

"தகுதி இல்லாதவருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய விதி இல்ல. விதியில இல்லாதது நடந்திருக்க முடியாது."

"தையல் இருக்கே."

"தையல் அறுவைப் பிரிவு."

லேசிலி வீட்டுக்குப் போனா. நடக்காத ஆபரேஷன் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாவாடை இறங்குச்சு, குறட்டை நின்னுச்சு, மாசங்கள் கழிச்சு ஒருநாள் கட்டில்ல நிம்மதியாப் படுத்துத் தூங்கினா. லைசென்ஸும் தப்பிச்சுது. பஸ் சீட் பெல்ட் அவளைச் சுத்தி வந்து மிச்சமும் இருந்துச்சு.

அப்பதான் சேனி மூச்சு வாங்க ஓடி வந்தா. "அண்ணி, ஆஸ்பத்திரி வாசல்ல உன் போட்டோவை ஆளுயரத்துக்கு ஒட்டியிருக்காங்க. பரிவாலேயே இளைச்சியாமே."

"என்னடி சொல்ற?"

"ஆபரேஷனே இல்லாம இவ்வளவு இளைச்சவ நீதானாம். அதனால இனிமே யாருக்கும் ஆபரேஷன் கிடையாதாம். நேத்து என் தேதியை எடுத்துட்டாங்க. வயித்தோட பேசிக்கிட்டே இருன்னு சொல்றாங்க. நான் என்ன பேசறது அண்ணி, இருவது வருஷமா ரெண்டு பேரும் பேச்சுவார்த்தையே இல்ல."

ரெண்டு பேரும் நேரா இமோஜென் அறைக்குப் போனாங்க. லேசிலி சட்டையைத் தூக்கி வடுக்களைக் காட்டினா. "இதைப் பாருங்கம்மா."

இமோஜென் கண்ணு கலங்கிடுச்சு. "எவ்வளவு தைரியமா உங்க உடம்பைக் காட்டறீங்க. கொஞ்சம்கூடக் கூச்சமில்ல. இது முழு மதிப்பெண்."

"அப்ப தகுதி திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. சிகிச்சை இன்னும் நடக்காததால, உங்களுக்குத் தேதி தரக் கடமைப்பட்டிருக்கோம். வேணாம்னா கழிவு."

"எடுக்கறதுக்கு உள்ள எதுவும் இல்லையேம்மா."

"அது அறுவைப் பிரிவு."

லேசிலி சேனியைப் பாத்தா. கைப்பையில இருந்து புதுச் சுருளை எடுத்து, இமோஜென் தேதி எழுதி நீட்டின சீட்டை நடுவுல வச்சு, நாலு பக்கமும் மடிச்சு, மூலையை அமுக்கினா. "நான் வேணாம்னு சொல்லல. கொண்டு போறேன்." அங்கேயே திரும்பி நாத்தனார் கையில வச்சா.

இமோஜென் மேலிடத்தைக் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. முன்னுதாரணம் இருந்துச்சு.

"நீ போயி பஸ்ஸுல ஏறு. வழியில யாராவது கேட்டா லாமிங்டன்னு சொல்லு"ன்னு லேசிலி சேனியை அனுப்பிட்டா. தானும் பின்னாடியே கிளம்பறப்ப இமோஜென் கதவைச் சாத்தினாங்க. அவங்க கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு. கல்யாண போட்டோ மேசை மேல குப்புறக் கிடந்துச்சு. இமோஜென் ஜன்னல் கண்ணாடியில பக்கவாட்டுல நின்னு, இடுப்பைக் கிள்ளிப் பாத்தாங்க.

"அந்த ஃபாயில் பேப்பர்ல... எனக்கும் ஒரு தேதி கொண்டு வர முடியுமா?"

"உனக்கு எதுக்கும்மா? வேப்பங்குச்சி மாதிரி இருக்கே."

"உங்களுக்குத் தெரியாது. போட்டோவுல பன்னி மாதிரி இருக்கேன்."

லேசிலிக்குச் சிரிப்பு வரல. அவளுக்கே அது புதுசா இருந்துச்சு. மேசையில கிடந்த மதிப்பீட்டுத் தாளை இமோஜென் பக்கம் தள்ளி, சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி நீட்டினா.

"உன்னை நீயே திட்டினதுக்கு ஒரு கோடு போட்டுக்கோ. ஒண்ணு போதும்."

இமோஜென் பேனாவை வாங்கினாங்க. முதல் கோடு போட்டாங்க. "போதும்மா"ன்னா லேசிலி. ரெண்டாவது போட்டாங்க. லேசிலி அவங்க கையைப் பிடிச்சா. அந்தக் கையை உதறிட்டு, தாளோட அடி வரைக்கும் கழிச்சுக்கிட்டே போனாங்க. கோடு ஒவ்வொண்ணும் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா இருந்துச்சு.