அண்ணனின் அறுபத்திரண்டாவது வெளிநடப்பு

உலகத்தில் நாடாளுமன்றங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் வாயால் விவாதம் செய்தவர்களும் எத்தனையோ பேர். ஆனால் சட்டம் இயற்றும் பணிக்குக் கால்களால் பங்களித்த ஒரே மாமனிதர், திருவண்ணாமலை பெற்றெடுத்த மாநிலங்களவை எதிர்க்கட்சி உறுப்பினர் அண்ணன் கண்ணாயிரம்தான். அவருடைய உதவியாளன் என்பதற்காக இதை நான் சொல்லவில்லை. வேங்கிக்காலில் அரசாங்க டைப்ரைட்டரைத் தட்டி ஓய்வு பெற்ற பரசுராமன் என்ற முறையில் சொல்கிறேன். காகிதத்தில் இல்லாத எதையும் நான் நம்பியவனில்லை.

காகிதம் இதோ. 1998-இல் பதவியேற்ற நாளிலிருந்து 2002 மழைக்காலக் கூட்டத்தொடர் வரை அண்ணன் செய்த வெளிநடப்பு அறுபத்தொன்று. 'வெட்கம், வெட்கம்' என்று முழங்கியது இருநூற்றுச் சொச்சம். கிழித்தெறிந்த மசோதா நகல் பதினான்கு. அவற்றில் இரண்டு அவருடைய கட்சியே ஆதரித்த மசோதாக்கள், அவசரத்தில் நேர்ந்தது. ஆற்றிய உரை ஒன்று. "தலைவர் அவர்களே, மைக் வேலை செய்யவில்லை" என்பது அதன் முழு வடிவம். அதையும் அவைக்குறிப்பில் ஏற்றியிருக்கிறார்கள். நான் ஜெராக்ஸ் எடுத்து, ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

வெளிநடப்பு என்றால் சும்மா எழுந்து போவது என்று நினைக்கும் பாமரர்கள் உண்டு. அட, அதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது தெரியுமா? முதலில் துண்டை உதறித் தோளில் போட வேண்டும். புகைப்படக்காரர்கள் வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று விசாரித்து, அந்தப் பக்கமாகக் கோபப்பட வேண்டும். மறுநாள் இங்கே தேரடி வீதியில் 'டெல்லி அதிர்ந்தது!' என்று போஸ்டர் ஒட்டிவிடுவோம். ஊரும் சளைத்ததில்லை. ஒவ்வொரு வெளிநடப்புக்கும் கோபுர வாசல் சிறுகடைக்காரர்கள் சரவெடி வெடித்தார்கள். அண்ணன் வெளியே வந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்று ஒரு ஆத்மாவும் கேட்டதில்லை.

இப்படிப் பொன்னாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், மக்களவையில் நிறைவேறிய 'திருத்தலச் சுற்றுப்புற எழில் மசோதா' மாநிலங்களவைக்கு வந்தது. பெயரைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். உள்ளே ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பெரிய கோயில்களின் மதிலிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் சிறுகடை எதுவும் இருக்கக்கூடாது என்றது அது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே பதினெட்டு வருஷமாகச் செருப்புப் பாதுகாக்கும் கடை வைத்திருந்தவர் சந்திரம்மாள். நாலு மர அடுக்கு, ஒரு வாளி நிறையத் தகர டோக்கன், ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அந்தக் கடையை நம்பித்தான் மகள் கீதாஞ்சலி வேலூரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருந்தது. சிறுகடை வியாபாரிகள் சங்கத்துக்கும் சந்திரம்மாள்தான் செயலாளர். கௌரவத் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம், அண்ணன்தான்.

மசோதா சேதி தெரிந்ததும் சந்திரம்மாள் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அய்யா, கடை போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? பொண்ணு படிப்பு பாதியில நிக்கும். நீங்கதான் பேசணும்."

"பேசறதா?" அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா, நான் பேசறவனா? செயல்வீரன்மா! வெளிநடப்பே பண்ணிடறேன், போ."

"பண்ணா மசோதா நின்னுடுங்களா?"

"நம்ம எதிர்ப்பு பதிவாவும்."

"எதுலங்க பதிவாவும்?"

"வரலாத்துலம்மா!"

சந்திரம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். வரலாறு முந்நூறு மீட்டருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பதாவது பிரிவுக்கு எதிராக நாலு பக்கத்தில் ஒரு உரை டைப் அடித்து அண்ணன் பெட்டியில் வைத்தேன். அண்ணனோ 'பாதிக்கப்பட்ட தாய்' ஒருவர் பக்கத்தில் நின்றால் படம் எடுப்பாக வரும் என்று சந்திரம்மாளையும் டெல்லிக்கு அழைத்துக்கொண்டார். பெருந்தன்மை என்றால் இதுவல்லவா பெருந்தன்மை!

டெல்லியில் எலும்பை நடுக்கும் குளிர். காலைப் பேப்பரைப் பிரித்த எனக்கு வியர்த்தது. ஆளுங்கட்சிக்கு மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடையாது. எதிர்க்கிற கட்சிகள் எல்லாம் உட்கார்ந்து வாக்களித்தால் மசோதா விழுந்துவிடும். அண்ணனின் கட்சிக்கு அங்கே மூன்று பேர். அந்த மூன்று பேர் கையில்தான் முடிவு என்று போட்டிருந்தான்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உக்காந்துடுங்க. நீங்க மூணு பேர் ஓட்டு போட்டா மசோதா காலி."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரசு, நீ டைப் அடிக்கத்தான் லாயக்கு. ஓட்டு போட்டா பேப்பர்ல நம்பர் வரும். வெளிநடப்பு பண்ணா படம் வரும். ஒண்ணரை வருஷம் கழிச்சு மறுபடியும் சீட்டு குடுக்கப்போற தலைவர் நம்பரைப் பாப்பாரா, படத்தைப் பாப்பாரா?"

இவ்வளவு தொலைநோக்குள்ளவரிடம் நான் என்ன பேச முடியும்? சந்திரம்மாளுடன் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தேன்.

மசோதா விவாதத்துக்கு வந்து, மணிக்கணக்காகப் பேசினார்கள். அண்ணன் தியானத்தில் இருப்பவர் போலக் கண்மூடி இருந்தார். அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும் சட்டென்று எழுந்தார்.

"சார், அய்யா எழுந்துட்டாரு! பேசப்போறாரு!" சந்திரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் துண்டை உதறினார். "வன்மையாகக் கண்டிக்கிறோம்!" என்று கர்ஜித்தார். கையிலிருந்த காகிதத்தை நாலாகக் கிழித்து வீசினார். மசோதா நகல் என்றுதான் நினைத்திருப்பார். அது நான் டைப் அடித்த உரை. பிறகு இரண்டு பேர் பின்தொடர, வாசலை நோக்கி நடந்தார்.

"எங்க போறாரு சார்?"

"வெளிநடப்பும்மா."

"எப்போ திரும்பி வருவாரு?"

அதற்குள் வாக்கெடுப்பு மணி அடித்து ஓய்ந்தது. அவைக் கதவுகளைச் சாத்தினார்கள்.

"அய்யய்யோ, கதவைச் சாத்தறாங்க! அய்யா வெளிய மாட்டிக்கினாரு. யாருகிட்டயாவது சொல்லுங்க சார்!"

மாடத்துக் காவலர் உதட்டில் விரல் வைத்து முறைத்தார். பலகையில் விளக்கு எரிந்தது. ஆதரவு தொண்ணூற்றேழு. எதிர்ப்பு தொண்ணூற்றைந்து. மசோதா நிறைவேறியது.

சந்திரம்மாள் விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

"அய்யா எதிர்த்தாரே, அது எந்தக் கணக்குல சேரும் சார்?"

"உள்ள இருக்கறவங்களைத்தான் எண்ணுவாங்கம்மா. வெளிய போனவங்களை எண்ண மாட்டாங்க. அது சபை விதி."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வெளியே அண்ணன் ஜனநாயகத்தைக் காப்பாற்றிய களைப்போடு பதினோரு மைக்குகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் விரும்பியபடியே படம் பிரமாதமாக வந்தது.

வைகாசி மாதம் லாரி வந்தது. பதினெட்டு வருஷத்துக் கடையை ஏற்றப் பத்து நிமிஷம் ஆகவில்லை. மர அடுக்கு ஒன்று கீழே விழுந்து உடைந்தது. சந்திரம்மாள் அதைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. கீதாஞ்சலி படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் புடவை மடித்து வைக்கும் வேலைக்குப் போனாள். இப்போது பக்தர்கள் செருப்பைக் கேரி பேக்கில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி கும்பிடுகிறார்கள். எழில் பாதுகாக்கப்பட்டுவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இது என் சொந்தக் கருத்து, அலுவலகக் கருத்து அல்ல.

2004 பிறந்தது. அண்ணனின் பதவிக்காலம் முடியப்போகிறது. மக்கள் செல்வாக்கு இருப்பவருக்குத்தான் மறுபடியும் சீட்டு என்று தலைமை சொல்லிவிட்டது. உடனே, 'மக்கள் தாங்களாகவே முன்வந்து' சங்கத்தின் சார்பில் பாராட்டு விழா எடுக்கிறார்கள் என்று அண்ணன் முடிவு செய்தார். செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் மேடை. கடை இழந்த நூற்று முப்பது பேரும் வந்திருந்தார்கள். மேலிடப் பார்வையாளர் ஒருவர் நோட்டுடன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். 'அண்ணனை மீண்டும் மாநிலங்களவைக்கு அனுப்ப வேண்டும் எனக் கட்சித் தலைமையைக் கேட்டுக்கொள்கிறோம்' என்ற தீர்மானத்தை நான்தான் டைப் அடித்தேன். செயலாளர் என்ற முறையில் சந்திரம்மாள் அதைப் படிக்க வேண்டும்.

அவர் காகிதத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை.

"படிக்கறதுக்கு முன்னாடி அய்யாகிட்ட ஒரே ஒரு கேள்விங்க. அன்னிக்கு நீங்க மூணு பேரும் சும்மா உக்காந்து, வேணாம்னு ஒரு பட்டனை அமுக்கியிருந்தா என் கடை இருந்திருக்கும். என் பொண்ணு இன்னேரம் நர்ஸ் ஆயிருப்பா. நான் மேல உக்காந்து ரெண்டு கண்ணால பாத்தேன். ஏன் எழுந்து போனீங்க? பதில் சொல்லுங்க, படிக்கறேன்."

அண்ணன் எழுந்தார். பதில் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஆனால் ஆறு வருஷத்துப் பழக்கம் லேசில் விடுமா? கை தானாகத் துண்டை உதறியது. "இந்தக் கேள்வியை வன்மையாகக் கண்டித்து..." என்று தொடங்கியவர், வாக்கியம் முடிவதற்குள் மேடையை விட்டு இறங்கி, புகைப்படக்காரர்கள் இருந்த வாசல் வழியாக வெளியேறிவிட்டார். தம்முடைய பாராட்டு விழாவிலேயே வெளிநடப்பு செய்த பெருமை உலகில் வேறு எந்தத் தலைவருக்கும் கிடையாது என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

சந்திரம்மாள் என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன். 'அனுப்ப வேண்டும்' என்பதை அடித்து, 'அனுப்பக் கூடாது' என்று எழுதிப் படித்துக் காட்டினார்.

"ஒத்துக்கறவங்க கையத் தூக்குங்க."

நூற்று முப்பது கைகள் எழுந்தன. கூடவே ஒன்று ஜாஸ்தியாகத் தெரிந்தது. பார்த்தால், என்னுடையது. மேலிடப் பார்வையாளர் எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. எதிர்த்திருக்க வேண்டிய ஒரே மனிதர், வழக்கம்போல, வெளியே பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.