பத்து விதையும் ஒரு மிளகும்

வாணலியிலிருந்து புகை எழுந்தபோது அவள் கையில் ஃபோன் இருந்தது, காதில் தோழியின் சிரிப்பு இருந்தது, உடம்பில் உயிர்தான் இல்லை. ஃபோனைத் தூரப் போட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். ஃபில்டர் பேப்பர் சுருண்டு கருகிக் கிடந்தது. அதன் மேல் பதினோரு விதைகள், கன்னங்கரேலென்று.

ஏதோ கீரை விதை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் காட்டில் தேடினாலும் இப்போது கிடைக்காத ஒரு செடியின் கடைசிப் பதினொன்று அவை. விதை ஆராய்ச்சிக்காரியான சித்தி, மூன்று வருடத்துக்கு முன் முந்நூறு விதையோடு ஆரம்பித்தாள். ஊறவைத்தாள், உரசினாள், குளிரில் வைத்தாள், அமிலத்தில் முக்கினாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. விதைகளை ஈரப் பேப்பரில் பரப்பி வைக்கும் ஒரு தட்டுக்கு ஆறு மாதம் கெடு. அதற்குள் முளைக்காததை "செத்தது" என்று நோட்டில் எழுதிவிட்டுக் குப்பைக்கூடையில் தட்டிவிடுவது அவர்கள் ஆபீஸ் வழக்கம். அந்த நோட்டுக்குச் சித்தப்பா வைத்த பெயர், "முளைக்காம இருக்க இருநூத்தி எண்பத்தொன்பது வழிகள்".

சித்தி கூட்டத்துக்குப் பத்து நாள் வெளியூர் போயிருந்தாள். திரும்பி வந்த வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் முளைக்கவில்லை என்றால் அவள் அறையைப் பூட்டிவிடப் போவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். ஆபீசில் யாரையும் நம்பாமல், தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா மகளிடம் ஒப்படைத்திருந்தாள்.

"காலைல அஞ்சு சொட்டு தண்ணி, சாயந்திரம் அஞ்சு சொட்டு. பதினாறு வயசாச்சு, இதுகூட முடியாதாடீ?"

முடியவில்லை. முதல் நாளே கை நழுவி அரை டம்ளர் கொட்டிவிட்டது. மறுநாள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பஞ்சால் துடைத்தாள். அதற்கடுத்த நாள் அது இரண்டு மடங்காக வந்தது. ஈரம்தான் எதிரி என்று முடிவுகட்டி, வாணலியில் சின்னத் தீயில் இரண்டே நிமிடம் காயவைக்க நினைத்தாள். அப்போதுதான் தோழி கூப்பிட்டாள்.

கருகியதை அவள் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கையில் ஸ்கூல் பஸ் ஓட்டும் சித்தப்பா உள்ளே வந்தார்.

"என்ன வறுக்குற? வாசனை தூக்குது."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக் கடித்துவிட்டார். உப்பு பத்தலை என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போனார்.

மிச்சம் பத்து. சூட்டைத் தணிக்க வாணலியில் தண்ணீரை ஊற்றினாள். அது மைபோலக் கறுத்தது. கழுவினால் தோலும் உரிந்துவிடுமோ என்ற பயத்தில், கரித்தண்ணியோடு சேர்த்தே புதுப் பேப்பருக்கு மாற்றினாள். சித்தி எண்ணிப் பார்க்கிற ஜாதி என்பதால் சமையல் டப்பாவிலிருந்து ஒரு மிளகை எடுத்துப் பதினொன்றாக்கினாள். அப்புறம் பிணத்துக்கு மருந்து ஊட்டுவதுபோல் வேளை தவறாமல் அஞ்சஞ்சு சொட்டு விட்டாள். தட்டுக்குள் பார்க்கிற தைரியம் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் நாள், நல்ல காய்ச்சலாக ஒன்று வந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் வரவில்லை. சித்தி வந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவள் கதவோரமாக நகர்ந்து நின்றாள்.

"பத்துடீ," என்றாள் சித்தி. "பதினொண்ணுல பத்து."

கரிக்கட்டை ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை வேர் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பிளேடைக் கேட்டாள். பத்து முளைத்த இடத்தில் பதினோராவது மட்டும் ஏன் முளைக்கவில்லை, அதை அறுத்துப் பார்த்தால்தான் ரகசியம் தெரியும் என்றாள்.

"சித்தி," என்றாள் இவள். "அது மிளகு."

அதற்கு மேல் எதை மறைப்பது? எல்லாவற்றையும் கொட்டினாள். சித்தி அடிக்கவில்லை. நோட்டைத் திறந்தாள்.

"தீ எவ்வளவு?"

"சின்னதா."

"எத்தனை நிமிஷம்?"

"தெரியல, பேசிட்டிருந்தேன்."

"ஃபோனைக் கொண்டா."

தோழியோடு பேசியது பதினாலு நிமிடம், இருபது நொடி. சித்தி அதை எழுதிக்கொண்டாள். காட்டுத்தீ ஓய்ந்த பிறகே கண் விழிக்கிற விதைகள் உண்டாம், அவற்றுக்குப் புகைதான் சேவல் கூவுகிற மாதிரியாம். ஆபீசுக்குள் தீக்குச்சி உரசினாலே மெமோ கொடுப்பார்கள் என்பதால் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

"எழுப்ப வேண்டியவ மூணு வருஷமா தாலாட்டு பாடியிருக்கேன்டீ."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா மெல்ல வயிற்றைத் தடவினார்.

"எனக்குள்ளயும் ஈரம் இருக்கே. முளைச்சிடாதுல்ல?"

"கடிச்சுத் தின்னீங்கல்ல, தப்பிச்சீங்க," என்றாள் சித்தி.

வெள்ளிக்கிழமை இவள் மடியில் தட்டு ஆபீஸ் போனது. அதற்குள் பத்தும் சிவப்புத் தண்டும், ரம்பப்பல் வைத்த இரண்டு இலைகளுமாக நிமிர்ந்திருந்தன. அறையைப் பூட்டச் சாவியோடு வந்த டைரக்டர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மொத்த ஆபீசும் எழுந்து கைதட்டியது. வாணலியையும் ஃபோனையும் பற்றி இவளையே பேசச் சொன்னார்கள். சொல்லச் சொல்லச் சிரித்தார்கள், திரும்பவும் தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஃபோனில் அதிகம் பேசியதற்காக ஒருவர் இவள் கையைக் குலுக்கினார்.

வெயில் காட்டுவதற்காகத் தட்டைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார்கள். நோட்டை மார்போடு அணைத்தபடி சித்தி முன்னால் நடந்தாள். சருகு கூட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து தட்டைப் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே போட்டார்.

"இந்தச் சனியனையா உள்ள வச்சு வளக்குறீங்க?"

அவர் கை நீட்டிய மூலையில், பழைய சாம்பல் மேட்டைச் சுற்றி, சிவப்புத் தண்டுகள் புதர்போல நெருக்கியடித்து நின்றன.

"உங்க ரூம் குப்பையை மூணு வருஷமா அங்கதாம்மா கொட்டி எரிக்கிறேன். எரிக்க எரிக்க எழும்புது. பூக்க விடாம பிடுங்கி, அதையும் போட்டு எரிக்கிறேன், அப்பவும் விட மாட்டேங்குது."

சித்தி நோட்டைத் திறந்து, "செத்தது" என்று எழுதிய பக்கங்களைப் புரட்டினாள். அவர் இவள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீயாவது கேட்டுச் சொல்லு. இது முளைக்காம இருக்க என்னதான் வழி?"