முதல் கை படித்ததா?

பல் டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் நடைபாதைதான். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவர், அன்று மட்டும் தன் வாயைத் திறந்து பேரம் பேசுவார். தாடிக்காரரின் பழைய புத்தகக் கடை முன் குந்தி உட்கார்ந்து, குவியலுக்குள் தோள்வரை கையை விட்டு, அடியில் கிடப்பதை உருவுவார். காளான் வளர்ப்போ கலங்கரை விளக்கங்களின் வரலாறோ, எதுவானாலும் பாதி விலைக்குக் கேட்டு, கால் விலைக்கு வாங்கிவிடுவார். வீட்டில் அலமாரி நிரம்பி, கட்டிலடி நிரம்பி, அவர் மனைவி துணி காயப்போடக்கூடப் புத்தகங்களைத் தாண்டித்தான் பால்கனிக்குப் போக வேண்டியிருந்தது.

"எப்பத்தான் படிப்பீங்க இதையெல்லாம்?"

"ரிட்டயர் ஆனப்புறம்."

"பல் டாக்டருக்கு ஏதுங்க ரிட்டயர்மென்ட்? ஊர்ல கடைசிப் பல் இருக்கிறவரைக்கும் வேலைதானே!"

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த உலகத்தில் நகராட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. நடைபாதையில் பழைய புத்தகம் விற்கலாம். புதிய புத்தகம் விற்கலாகாது. இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் 'பழையது' என்றால் என்ன என்று சட்டப்பிரிவு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. உபயோகித்த பொருளே பழைய பொருள். புத்தகத்தின் உபயோகம் படிப்பது. ஆகவே எவராலும் படிக்கப்படாத புத்தகம், எவ்வளவு கிழிந்திருப்பினும், புதியதே என்று ஐயந்திரிபற அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறே ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு வந்துவிட்டார். ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"டீக்கறை பத்தாம் பக்கத்தோட நின்னுபோச்சு. ஆக, பதினொண்ணாம் பக்கத்துலேருந்து இது புதுசு."

"ஐயா, எங்க அப்பா பொறக்கிறதுக்கு முன்னாடி அச்சடிச்சதுங்க. கரையான் அரிச்சிருக்கு பாருங்க" என்றார் தாடிக்காரர்.

"கரையான் தின்னும், படிக்காது. முதல் பத்துப் பக்கத்தை வேணா வித்துக்கங்க. மிச்சம் பறிமுதல்."

மத்தியானத்துக்குள் கடையில் பாதி போய்விட்டது. தாடிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "பொண்ணை இப்பத்தான் காலேஜ்ல சேர்த்தேன் சார். இனிமே என்ன செய்வேன்?"

பல் டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. கடை போனால் தன் ஞாயிற்றுக்கிழமையும் போகுமே என்ற கவலையும் கூடவே இருந்தது. "ஒரு பென்சில் எடுங்க. அங்கங்கே அடிக்கோடு போடுங்க. ஓரத்துல 'ஆஹா'ன்னு எழுதுங்க" என்று காதோடு சொன்னார்.

மறுவாரம் ஆய்வாளர் உருகிப்போனார். "ஆழ்ந்து படிச்சிருக்காங்க!" என்று ஒவ்வொன்றிலும் 'படிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

முத்திரை விஷயம் பெரிய வீடுகளுக்கு எட்டியது. தங்களுக்குப் படிக்க நேரமில்லாதவர்கள், வேறு யாரோ படித்து முடித்த புத்தகத்தை வாங்கி வரவேற்பறையில் வைப்பது நாகரிகமாயிற்று. 'ஆஹா' எழுதியதற்கு ஒரு விலை. 'எவ்வளவு உண்மை!' என்று எழுதியதற்கு அதைவிடக் கூடுதல். கண்ணீர்க்கறை பட்ட கவிதைப் புத்தகத்துக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத விலை. கறைக்குத் தாடிக்காரர் வெங்காயம் வாங்கி வைத்திருந்தார்.

"என்னய்யா அநியாயம்? புதுசே இதைவிட மலிவாச்சே!" என்று பல் டாக்டர் கத்தினார்.

"அது யாரும் படிக்காதது சார். இது படிச்சது."

"கோடு போடச் சொன்னதே நான்தானே!"

"அதான் சார் உங்களுக்கு மட்டும் இந்த விலை."

வயிறெரிந்த பல் டாக்டர் நேரே நகராட்சிக்குப் போய்ப் புகார் கொடுத்தார். புகார் வந்தால் முதலில் புகார் கொடுத்தவர் வீட்டைச் சோதிப்பது நகராட்சியின் வழக்கம். ஆய்வாளர் வந்து, கூடத்தில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இவ்வளவும் நீங்க படிச்சதா?"

பல் டாக்டர் அவசரமாகத் தலையாட்டினார்.

ஆய்வாளர் கைக்கு அகப்பட்டதை உருவினார். "கலங்கரை விளக்கங்களின் வரலாறு. இதுல என்ன சொல்லியிருக்கு?"

"கலங்கரை விளக்கத்தைப் பத்தி."

"அதைப் பத்தி என்ன?"

"உயரமா இருக்கும்னு..."

துணி வாளியோடு மனைவி உள்ளே வந்தார். ஆய்வாளர் அவரிடம் திரும்பினார். "அம்மா, வீட்டுல வேற யாராவது படிச்சிருந்தாலும் போதும், விட்டுடறேன். நீங்க படிச்சீங்களா?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "படிச்சிருந்தா இங்கேயே இருக்கும். படிக்கலேன்னா எடுத்துட்டுப் போயிடுவீங்க. அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"எடுத்துட்டுப் போங்க தம்பி. பால்கனியிலயும் கொஞ்சம் கிடக்கு."

உரிமமின்றிப் புதுப் புத்தகங்களைப் பதுக்கிய குற்றத்துக்காக எல்லாம் லாரியில் ஏறின. பல் டாக்டர் சாப்பாட்டைத் தொடவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மனைவிக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் காரணமே இல்லாமல் கூடத்துக்கும் பால்கனிக்கும் நாலு தடவை நடந்து பார்த்தார்.

பல் டாக்டர் வீட்டில் ருசி கண்ட நகராட்சி, வீடு வீடாகப் புகுந்தது. முத்திரை குத்தியவை தவிர, எந்த வீட்டிலும் படித்த புத்தகம் அகப்படவில்லை. ஆணையர் வீட்டிலிருந்து மட்டும் தனி லாரி போனது. கடைசியில் கிடங்கில் ஆள் நிற்க இடமில்லாமல் போய், பறிமுதலான புத்தகங்கள் மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வந்தன.

ஊரே திரண்டது. ஆணையரும் வரிசையில் நின்றார். பல் டாக்டர் பாதிக்குக் கேட்டு, கால் விலைக்கு முடித்து, வண்டி பிடித்து வீடு வந்தார்.

"இங்க பாரு! என் ஆயுசுலயே இப்படியொரு வேட்டை கிடைச்சதில்ல! எவனோ பெரிய ரசிகன் வச்சிருந்தது. அப்படியே என் ரசனை!"

மனைவி ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். "இதுல உங்க பேருல்ல எழுதியிருக்கு?"

பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, ஆமாம்! அந்த மனுஷனுக்கும் என் பேருதான்!"