அப்பாவின் கோபத்துக்கு அப்பா பொறுப்பல்ல

கிட்வாய் நகர், புது தில்லி
மார்கழி முதல் வாரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அம்சவேணி அத்தைக்கு,

உங்கள் தம்பி நல்லசிவத்தின் மகள் இளவரசி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் இருமல் நீங்கலாக நலம். அருப்புக்கோட்டையில் நீங்களும் மாமாவும் பிரியதர்ஷினி மதினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மழை விட்டதா? இங்கே சூரியனைப் பார்த்துப் பல நாளாகிறது. எதிர் பிளாக்கே தெரியாத அளவுக்குப் புகை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நினைப்பீர்கள். நீங்கள் எங்கள் போனை எடுப்பதில்லை, அத்தை. எடுத்தாலும் என்னால் பயனில்லை. "ம்", "சரிங்கத்தை" இரண்டையும் தவிர நான் போனில் வேறு எதையும் சொன்னதில்லை என்று நீங்களே கேலி செய்வீர்கள். ஆனால் இப்போது ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டீர்களே, அந்தப் படிப்பு இப்போதுதான் குடும்பத்துக்கு உதவப் போகிறது. தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வீடியோ காலில் மதினியின் முகூர்த்தச் சேலையைக் காட்டினீர்கள். அப்பா ஆபீசிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "நல்லாருக்காடா தம்பி?" என்று ஆசையாகக் கேட்டீர்கள். அதற்கு அப்பா, "எல்லாத்தையும் நீயே முடிச்சிட்டு எங்கிட்ட எதுக்குக் காட்டுற? கடைக்காரன்கிட்டயே கேளு, நல்லாருக்குன்னு சொல்லுவான்" என்று போனை வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போன் இருண்டு போவதற்கு முன்னால் உங்கள் முகம் போன போக்கையும் பார்த்தேன். அதன் பிறகு, தை மாதக் கல்யாணத்தில் மதினிக்குத் தாய்மாமன் மாலை போட்டு மேடைக்கு அழைத்து வரும் உரிமையை உங்கள் சின்னம்மா மகன் வேலு சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. அப்பா கேட்டுவிட்டு, "கொடுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் எங்களிடம் பேசும் சொற்களை ஒரு கையின் விரல்களுக்குள் அடக்கிவிடலாம்.

அத்தை, அந்த வார்த்தைகளைச் சொன்னது அப்பா இல்லை. இதுதான் என் கண்டுபிடிப்பு. பதறாதீர்கள், பேய் பிசாசு என்று சொல்ல வரவில்லை. நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எலிகளின் நடத்தையை வீடியோவில் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். வாயைத் திறக்க வேண்டாத வேலை, எனக்காகவே செய்தது போல இருக்கும். அங்கே ஓர் எலிக்குக் கிருமியின் மேலோட்டிலிருந்து எடுத்த ஒரு துணுக்கை மட்டும் ஊசியில் கொடுப்பார்கள். உண்மையான நோய் கிடையாது. ஆனால் எலியின் உடம்பு, எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று நம்பி, தன் காவல் படையைக் கிளப்பிவிடும். இப்படிப் படை கூடிச் சிவந்து, வீங்கி, வலிப்பதைத்தான் அழற்சி என்கிறோம், உங்கள் முழங்காலில் நடப்பது போல. அந்தப் படை சண்டை மட்டும் போடுவதில்லை அத்தை, மூளைக்குத் தகவலும் அனுப்புகிறது! 'உள்ளே போர் நடக்கிறது, ஊர் சுற்றாதே, யாரிடமும் பேசாதே, மூலையில் கிட' என்று. நேற்று வரை கூட்டாளிகளோடு உருண்டு விளையாடிய எலி, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். பழகிய வழி மறந்துபோகும். பக்கத்தில் இன்னோர் எலி வந்து முகர்ந்தால் எரிச்சலோடு நகர்ந்துவிடும். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது அப்பா!

அப்படியே அப்பா. சோபாவில் சுவரைப் பார்த்து உட்காருகிறார். வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைக்கிறார். சிலிண்டர் பதிவு செய்ய மறந்துவிட்டு, மறந்ததை ஞாபகப்படுத்திய அம்மா மேல் பாய்கிறார். இதற்கெல்லாம் உடம்புக்குள்ளேதான் எங்கோ காரணம் இருக்கிறது என்று தோன்றியது. முதலில் அப்பாவின் சர்க்கரை வியாதியைப் பிடித்தேன். இந்த ஊர் ஆபீஸ்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. பதவி உயர்வு, மாற்றல், பேரன் பிறந்தது, புது ஸ்கூட்டர், எது நடந்தாலும் மிட்டாய்ப் பெட்டியோடு மேஜை மேஜையாக வருவார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் வீட்டு நல்லதையே வேண்டாம் என்றதாக ஆகிவிடும். "மறுத்தா கண்ணு வச்சிட்டேம்பான்மா" என்பார் அப்பா. நீங்கள் சேலை காட்டிய அன்று ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததற்காக மூன்று குலாப் ஜாமுன் சாப்பிட்டிருக்கிறார். கட்டுப்பாடு இல்லாமல் சர்க்கரை ஏறி ஏறி இறங்கினால், மூளைக்குச் சாப்பாடு சீராகப் போவதில்லை, சோர்வும் எரிச்சலும் வரும், யோசனை மந்தமாகும். போதாததற்கு, தொப்பையில் இருக்கும் கொழுப்பும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, அதுவும் படையைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்கிறார்கள். எனக்கு மட்டும் உறுதியாகத் தெரிந்துவிட்டது.

இதை நான் அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு. "அப்பா உடம்புல உள்ளுக்குள்ள அழற்சிம்மா, அதுதான் மூளையத் தொந்தரவு பண்ணுது" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதைத்தானடி கல்யாணம் ஆன நாளா நான் கத்திக்கிட்டிருக்கேன். உங்கப்பாவுக்கு உடம்புச் சூடு!" என்றார். அது வேறு, இது வேறு என்று நான் விளக்குவதற்குள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து இளநீர் வந்துவிட்டது, வெந்தயம் ஊறிவிட்டது, நல்லெண்ணெய் காய்ந்துவிட்டது. தில்லிக் குளிரில், அத்தை! ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறோம், அப்பாவை மட்டும் துண்டோடு பால்கனியில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெயை அரக்கித் தேய்க்கிறார். "மார்கழி பொறக்கப்போற நேரத்துல இந்த ஊர்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சவன் எவனாச்சும் உசிரோட இருக்கானா?" என்று அப்பா கேட்கிறார். "சூடு எறங்குனா தன்னால வாய் கொறையும், உக்காருங்க" என்கிறார் அம்மா. சூட்டைத் தணிக்கச் சுடுதண்ணீரா என்று கெய்சரையும் அணைத்துவிட்டார். குளித்து முடித்ததும் ஒரு டம்ளர் மோர் வேறு.

மறுநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். நான் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது வரைக்கும் பாதி எலியாக இருந்தவர் முழு எலியாகிவிட்டார்! குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "என்னய விட்டுருங்க" என்று படுத்துவிட்டார். பாடப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் என் வீட்டுக் கட்டிலில் கிடந்தது. அன்றைக்கு ஆய்வகக் கூட்டத்தில், சேர்ந்த நாள் முதல் வாயே திறக்காத நான், எழுந்து நின்று, "மேடம், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த ப்ரணவ், "பிஞ்ச்ரா லகா தோ" என்றான், பொறி வைக்கச் சொல்கிறான். அப்பாவைத்தான் சொல்கிறேன் என்று நான் விளக்கிய பிறகு கூடமே சிரித்தது. மேடம் மட்டும் கன்னத்தில் கை வைத்து முழுவதையும் கேட்டார். "நன்றாகக் கவனித்திருக்கிறாய். ஆனால் ஒரே ஓர் அப்பாவை வைத்து முடிவு எழுதிவிட முடியாது" என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காய்ச்சலோடு அப்பாவின் வலது கன்னமும் வீங்கியது. அப்போதுதான் வெளியே வந்தது, கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து, ஈறு முழுவதும் புண்ணாக இருந்திருக்கிறது. இடப்பக்கமாகவே மென்று சமாளித்திருக்கிறார்! பல் டாக்டர் ஒரு பஞ்சாபிப் பெண். எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள்ஜி, இத்னே தின் சுப் க்யோன் ரஹே?" என்று கேட்டார், இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீர்களென்று. அப்பா வாயைத் திறந்தபடியே, "ஆபீஸ் மே காம் தா" என்றார். ஆபீசில் வேலை இருந்ததாம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு எழுந்து கை தட்ட வேண்டும் போல இருந்தது. கூச்சத்தால் தட்டவில்லை. பல்லைப் பிடுங்கி, மாத்திரை கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார்கள். வெளியே நடந்தால் இந்தப் புகையே நுரையீரலைப் புண்ணாக்கும் என்று அப்பாவை வீட்டுக்குள்ளேயே சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடக்க விட்டேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, காற்று மாசுக்காகக் கட்டட வேலைக்குத் தடை இருக்கும்போது நீங்கள் எதை இடிக்கிறீர்கள், புகார் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது வந்து பாருங்கள் அத்தை! இனிப்பை விட்டாயிற்று. பிரசாதம் போலக் கண்ணில் ஒற்றி மேஜை டிராயரில் வைத்துவிடுகிறாராம், அதன் பிறகு யார் எடுக்கிறார்கள் என்று கேட்கக் கூடாதாம். சாவி ஆணியில் தொங்குகிறது. நேற்று அம்மா உப்புப் போட மறந்த ரசத்தைக் குடித்துவிட்டு, "பரவாயில்ல, பல்லுக்கு நல்லது" என்றார். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகவே நீங்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். அன்றைக்குப் போனில் பேசியது சீழ் கோத்த ஒரு பல், மூன்று குலாப் ஜாமுன், கொஞ்சம் தொப்பை, தில்லிக் காற்று. அப்பா நடுவில் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு பல் செய்த தப்புக்கு மதினியின் தாய்மாமனைத் தண்டிக்கலாமா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், போனில் என்றால் எனக்குத் தைரியம் வராது. உங்கள் முழங்காலும் வருடக்கணக்காக வீங்கிக் கிடக்கிறது. நீங்கள் உடனே வேலு சித்தப்பாவைக் கூப்பிட்டதில் அந்த மூட்டுக்கும் பங்கு இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இதைப் படித்துக் கோபம் வந்தால் தயவுசெய்து என் மேல் காட்டாதீர்கள். அது மூட்டு.

மாமாவுக்கு என் வணக்கம். மதினிக்கு அன்பு முத்தங்கள். அந்தச் சேலை அவருக்கு மிக அழகாக இருக்கும், அன்றைக்கே சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் வேண்டும், அப்பாவுக்குச் சற்றுக் கூடுதலாக.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
இளவரசி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டுக் கோந்து தேடப் போனேன். திரும்பி வந்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். எலி வரும் இடத்தில் ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். முழுவதும் படித்து முடித்துவிட்டு, "பல்லு வலிக்க ஆரம்பிச்சது எப்பன்னு எங்கிட்டக் கேட்டியாம்மா?" என்றார். நான் கேட்கவில்லை. "அக்கா பேசுனதுக்குப் பத்து நாள் கழிச்சுத்தான். அன்னைக்கு எனக்கு ஒரு வலியும் இல்ல." சரி, குலாப் ஜாமுன் இருக்கிறதே என்றேன். அதைச் சாப்பிட்டு நல்ல சந்தோஷத்தில்தான் இருந்தாராம். "பிரியாவுக்கு மாப்பிள்ளை பாத்து, பேசி, தேதி குறிச்சு, சேலை வரைக்கும் எடுத்திட்டு எனக்குக் காட்டுது. நான் தாய்மாமன். ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் கோவத்துலதான் சொன்னேன், நல்லாத் தெரிஞ்சே சொன்னேன். இத்தனை வருசம் டெல்லில உக்காந்துக்கிட்டு ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்காதவன எதுக்குக் கேக்கணும்னு அக்கா நினைச்சிருக்கும். அதுவும் நியாயந்தான். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனா சொன்னது நான்தான். பல்லுக்கு அவ்வளவு தைரியம் கெடையாது" என்றார்.

ஆக, மேலே எழுதிய அறிவியல் எல்லாம் சரிதான் அத்தை, அப்பாவுக்குத்தான் அது பொருந்தவில்லை. முழுவதையும் அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அதற்குள் அப்பா பக்கத்து வீட்டு மீனாக்ஷி மாமியிடம் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார், தெரியாத நம்பர் என்றால் எடுப்பீர்கள் என்று. எடுத்துவிட்டீர்கள். நீங்கள் திட்டுவது இங்கே மேஜை வரை கேட்கிறது. அப்பாவும் கத்துகிறார். "வேலு போடுவானா? வேலு எப்படிப் போடுறான்னு நானும் பாக்குறேன்!" என்கிறார். இடையிடையே இருவரும் மூக்கை உறிஞ்சுகிறீர்கள். எனக்குத் தெரிந்த வரை இதற்கு எந்த எலியிடமும் விளக்கம் இல்லை. அம்மா டிக்கெட் எடுக்கச் சொல்லி என் தோளைக் குலுக்குகிறார்.