குருமா சாரும் குரங்கணி அழுங்கும்

மனிதர்களைவிட எறும்புத்தின்னிகளைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட ஒரே மனிதர் போடிநாயக்கனூரில்தான் இருந்தார்; அதுவும் என் அறையில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள்; ஒரே அறையில் குடியிருந்தோம். நான் தமிழ், அவர் சயின்சு. எறும்புத்தின்னியை எங்கள் பக்கத்தில் அழுங்கு என்போம். குரங்கணி மலை அழுங்கும் பக்கத்துத் தேவாரம் ஊர்க் காட்டு அழுங்கும் வேறு வேறு இனம் என்பது அவர் கட்சி.

"செதிலைப் பார்த்துச் சொல்ல முடியாதுய்யா. குரோமோசோமை எண்ணணும்!"

டீக்கடை, சலூன், ஏலக்காய்க் கடை, எங்கும் இதே பேச்சு. ஊர் வாயில் 'குரோமோசோம்' நுழையவில்லை. 'குருமா சார்' ஆகிவிட்டார்.

ஒரு ஞாயிறு காலை குரங்கணி மலைக்காரர் மாயாண்டி சாக்குமூட்டையோடு வந்தார். உள்ளே பலாப்பழம்போலச் சுருண்ட அழுங்கு.

"குருமாவுக்கு அழுங்கு தேடுறீகளாமே? வெரசா அறுங்க சார். மசாலாவுக்கு ஏலக்காயும் கொண்டாந்திருக்கேன்."

சார் தன் புது டார்ச் லைட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியரிடம் கெஞ்சி மைக்ராஸ்கோப்பை எடுத்துவந்தார். கண்ணாடித் துண்டு, சாயப் புட்டி, கத்தி எல்லாம் மேஜைக்கு வந்தன. தடித்த புத்தகத்தைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன சார்?"

"எண்ணணும்னா உள்ளேயிருந்து சதை எடுக்கணும். எடுத்தா இது பிழைக்காது."

"இது தெரியாமலா இத்தனை வருஷம் பேசினீங்க?"

"தெரியும்யா. அப்ப இதோட மூஞ்சியைப் பார்த்ததில்லையே."

அந்த நேரத்தில் அழுங்கு மெல்லப் பிரிந்து, என் சர்க்கரை டப்பாவைச் சுற்றிய எறும்புகளை நக்கத் தொடங்கியது. சார் வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

"நாக்கைப் பாருய்யா! யப்பா, எம்புட்டு நீளம்!"

வாசலில் மாயாண்டி பொறுமையிழந்தார். "அடுப்பைப் பத்தவைக்கவா சார்?"

"வேண்டாம். மூட்டையைக் கட்டு. மலைக்குப் போறோம்."

"இம்புட்டுத் தூரம் சொமந்து வந்தது, திரும்பச் சொமக்கவா?" என்று குரங்கணி வரைக்கும் ஆளேற்றும் ஜீப்பில் புலம்பிக்கொண்டே வந்தார் மாயாண்டி.

பொழுது சாய, காப்பித் தோட்டத்துக்கு மேலேயுள்ள சரிவில் மூட்டையை அவிழ்த்தோம். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் புதருக்குள் போயிற்று. சார் அங்கேயே நின்றார்.

"அப்ப ரெண்டும் ஒரே இனமா, வேறயா?" என்றேன்.

"தெரியலையே," என்றார். ஊரையே அதிரவைத்த அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

அதுவரை 'சார்' என்றே கூப்பிட்டுவந்த நான், அவர் தோளில் கை வைத்து, "வாங்கண்ணே, கடைசி ஜீப்பு போயிரும்," என்றேன்.