பூசணிக்காயும் பூரணத் திருப்தியும்

உலகத்தில் எத்தனையோ பண்ணைகள் உண்டு. ஆனால், உறுப்பினர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்காத பண்ணை ஈப்போ வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். அதன் நிறுவனர், தலைவர், தண்ணீர் ஊற்றுபவர் மூவரும் ஆம்புரோஸ்தான்.

ஏற்பாடு எளிது. உறுப்பினர்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டிவிட வேண்டும். பழைய ரப்பர்த் தோட்டத்து மண் மனமுவந்து கொடுப்பதை வாராவாரம் பெட்டியில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பருவம் ஆம்புரோஸ் விதைத்தது பூசணி. ஆகவே மண்ணும் மனமுவந்து பூசணியையே கொடுத்தது. வாராவாரம்.

ஆம்புரோஸ் நவீனர். 'உறுப்பினர் மனநிறைவு ஆய்வை' அவரே நேரில் நடத்தினார். பெட்டியைத் தோளில் சுமந்து, வியர்வை வழிய, வீட்டு கேட்டில் நின்று கேட்பார்: "நல்லாதானே இருக்கு?"

"சூப்பர் லா, அண்ணே!" என்பான் முதல் வீட்டு லயனல்.

"அல்வாவே கிண்டிட்டேன்!" என்பாள் அடுத்த வீட்டு ட்ரேசி.

ஆய்வு முடிவு: பூரணத் திருப்தி. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. அடுத்த பருவத்துக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பேராவது சேராவிட்டால், நிலத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, அங்கே டுரியான் மரம் நட்டுவிடுவார்.

அந்த ஞாயிறு, உறுப்பினர்கள் எல்லாரும் போகும் தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவது வழக்கம். ஆம்புரோஸ் பார்த்தார். வரிசையாகப் பூசணிக்காய்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் 'அன்புடன் ஆம்புரோஸ்' ஸ்டிக்கர்.

"பாத்தியா இசபெல்லா, என் காயை ஆண்டவருக்கே கொடுத்திருக்காங்க!"

"அவருதான் வேண்டாம்னு சொல்ல மாட்டாரு" என்றாள் மனைவி.

ஏலம் விட்டவன் லயனல். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." சபை முழுவதும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆம்புரோஸே கை தூக்கினார். எல்லாக் காய்க்கும். கை இறங்கியபோது குரலும் இறங்கிவிட்டது.

"பிடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே, லயனல்."

"எப்படிண்ணே சொல்றது? வேர்த்து ஊத்த கேட்டுல வந்து நிக்கிறீங்க. கல்நெஞ்சனுக்கும் வாய் வராது லா. எங்களுக்கு வேண்டியது கங்கோங் கீரை, மிளகா, கத்திரிக்கா..."

"கேட்டிருந்தா போட்டிருப்பேனே!"

"அப்ப போடுங்க! நான் சேந்துக்கிறேன்."

ட்ரேசியும் சேர்ந்தாள். அவளைப் பார்த்துப் பாதிச் சபை சேர்ந்தது. கடைசியில் போதகரும் சேர்ந்தார். நிலம் பிழைத்தது.

நெகிழ்ந்துபோன ஆம்புரோஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேர்ந்த ஒவ்வொருவர் கையிலும் நன்றியோடு ஒரு பூசணிக்காயை வைத்தார்.

"நல்லாதானே இருக்கு?"

"சூப்பர் லா, அண்ணே!" என்றது சபை, ஒரே குரலில். 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்று அன்று காலைதான் பிரசங்கித்திருந்த போதகர், எல்லாரையும்விட உரக்கச் சொன்னார்.